விடியமுன் கறுப்பு உடுத்து ஓடியவர்கள்



போன சனிக்கிழமை காலை பொத்துவில் வீதியில் நடந்தது ஊரில் அநேகருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுபஹ் தொழுதுவிட்டு வழமைபோல பதினான்கு பேர் சைக்கிளில் கிளம்பினோம். போகும்போது ஒழுங்காகத்தான் போனோம். திரும்பும்போது, அதுவும் வழமைதான், ஒருவர் வேகத்தைக் கூட்ட மற்றவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் எல்லைக்கு வரும்போது அது ரேஸாகவே ஆகிவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தைக் கண்டு தடுமாறி கானுக்குள் விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. நாங்கள் அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். அவருடைய மகன் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு எழுந்தது. கூட்டமாக ஓடுவதை நிறுத்துங்கள், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஓடுங்கள், யார் வேகம் என்பதைக் கைப்பேசியில் நேரம் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் சிலர். நியாயமான பேச்சுத்தான். ஆனால் இதே யோசனை ஏறத்தாழ 130 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வந்தது. அதை அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறைப்படுத்தியும் பார்த்தார்கள். என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுப்போம் என்றுதான் இதை எழுதுகிறோம். சரித்திரம் படிப்பிக்கிறவர்களிடம் பிரச்சினையைக் கொண்டுவந்தால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890களில் இங்கிலாந்தின் வீதிகள் குதிரைவண்டிகளுக்கு உரியவை. சைக்கிள்காரன் அங்கே புதிய ஆள், அநேகருக்குப் பிடிக்காத ஆளும்கூட. 1894 ஜூலையில் வட லண்டன் பக்கத்துக் கழகம் ஒன்றின் 50 மைல் ஓட்டத்தில், வேகமாக வந்த ஓட்டக்காரர்களைக் கண்டு ஒரு பெண்ணின் வண்டிக் குதிரை மிரண்டது. ஓட்டக்காரர்களும் விழுந்தார்கள், பொலிஸுக்கு முறைப்பாடும் போனது. விழுந்தவர்களில் ஒருவர் எப். டி. பிட்லேக். முச்சக்கர மிதிவண்டியில் பல சாதனைகள் வைத்திருந்தவர், அந்தக் காலத்துச் சைக்கிள் உலகில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்.

நாங்கள் பெரியவரைக் கானுக்குள் விழுத்தினோம், அவர்கள் குதிரையை மிரட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சைக்கிளோட்டத்தை அங்கே நிர்வகித்தது தேசிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம். அரசாங்கம் தலையிட்டு வீதியில் சைக்கிளையே தடைசெய்துவிடுமோ என்பதுதான் அவர்களுடைய பயம். அரசாங்கம் முந்த முன்னர் தாங்களே முந்திக்கொண்டார்கள். பொது வீதியில் கூட்டமாக ரேஸ் ஓடக்கூடாது என்று தங்கள் உறுப்பினர்களுக்குத் தடை போட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய விடயம், நாட்டுச் சட்டம் எதுவும் இதைத் தடைசெய்யவில்லை. தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

பிட்லேக் ஒரு வழி கண்டுபிடித்தார். 1895 ஒக்டோபரில் அவர் ஏற்பாடு செய்த ஓட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பவில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்பினார், கடிகாரத்தோடு போட்டி. பார்ப்பவருக்கு யாரோ ஒருவர் அவசரமாக எங்கோ போகிறார் என்றுதான் தோன்றும்.

அதிலிருந்து வளர்ந்த பழக்கங்களைக் கேட்டால் இன்றைய எங்கள் பொடியன்கள் நம்ப மாட்டார்கள். ஓட்டம் ஞாயிறு விடியற்காலை, ஊர் எழும்ப முன்னர். உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு, கண்ணில் படக்கூடாது என்பதற்காக. பாதையின் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள், எழுத்தும் இலக்கமும் சேர்ந்த இரகசியக் குறியீடு மட்டும். போட்டி விபரத் தாளில் இது அந்தரங்கமானது என்று அச்சடித்திருக்கும். பத்திரிகைக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. கள்ளக்கடத்தல்காரர்கள்கூட இவ்வளவு கவனமாக இருந்திருப்பார்களா தெரியாது. நாங்களும் சுபஹோடு சுபஹாகத்தான் கிளம்புகிறோம், ஆனால் எங்கள் காரணம் வெயில். அவர்களுடைய காரணம் வெட்கமும் பயமும்.

அதே காலத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. பிரான்ஸில் 1869இலேயே பாரிஸிலிருந்து ரூவான்வரை ஓட்டம் நடத்தினார்கள். வென்றவர் ஜேம்ஸ் மூர் என்கிற ஆங்கிலேயர்தான்! 1903இல் டூர் டி பிரான்ஸ் தொடங்கிவிட்டது. அங்கே சனம் வீதியோரத்தில் நின்று கைதட்டியது.

கூட்டமாக ஓடுவதும் தனியாக ஓடுவதும் ஒரே விளையாட்டல்ல. இதை ஓடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சைக்கிளில் வேகம் கூடக் கூட எங்கள் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றுத்தான் தின்கிறது. முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொடுக்க, அவருடைய பின்சில்லை ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு பலம் மிச்சமாகலாம். அதனால்தான் முறை வைத்து முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வருகிறோம். அதனால்தான் சண்டையும் வருகிறது. இவ்வளவு தூரமும் எனது முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிட்டு கடைசி அரை மைலில் பாய்ந்து போகிறானே என்று. கூட்ட ஓட்டத்தில் ஒருவன் உங்களுக்கு உதவியாளனும் எதிரியும் ஒரே நேரத்தில்தான். தனியோட்டத்தில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. நீங்களும் கடிகாரமும்தான்.

டூரை ஆரம்பித்த ஹென்றி டெக்ராஞ்சுக்கே இந்த உதவி பிடிக்காது. ஒவ்வொருவனும் தன் பலத்தில் ஓட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1911இல் மோரிஸ் புரொக்கோ என்ற ஓட்டக்காரர் இன்னொருவருக்கு உதவி செய்தார் என்பதற்காக அவரை வேலைக்காரன் என்ற பொருளில் இகழ்ந்து எழுதினார். அந்த இகழ்ச்சிச் சொல்தான் இன்று தலைவருக்காக உழைக்கும் சக ஓட்டக்காரரைக் குறிக்கும் தொழிற்பெயராகி, மரியாதையோடு வழங்குகிறது.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1922இல் உலக அமெச்சூர் வீதிப் போட்டி அங்கே நடந்தது. தனியோட்டமாக நடத்தினார்கள், முதல் மூன்று இடமும் ஆங்கிலேயருக்கு. பிறகு உலகப் போட்டி கூட்ட ஓட்டமாக மாறியபோது, வளைவில் தோளோடு தோள் உரசி ஓடத் தெரியாமல் இவர்கள் திண்டாடினார்கள். 1933இல் பாரிஸுக்கு அருகே மொன்லேரியில் நடந்த உலகப் போட்டிக்கு ஆள் தெரிவுசெய்ய, வீதியில் ஓட விட முடியாதென்பதால் புரூக்லண்ட்ஸ் மோட்டார் பந்தயத் தடத்தில்தான் சோதனை ஓட்டம் வைத்தார்கள். அங்கே தெரிவாகி பிரான்ஸ் போனவர்களில் ஒருவர் பேர்சி ஸ்டாலர்ட். வொல்வர்ஹாம்டன் நகரத்தில் தகப்பனின் சைக்கிள் கடையோடு வளர்ந்தவர். அந்த ஓட்டத்தின் ருசி அவரை விடவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெற்றோலுக்குப் பங்கீடு, வீதிகளில் மோட்டார் வண்டிகளே அரிது. இந்த வெறும் வீதியில்கூடவா கூட்டமாக ஓடக்கூடாது என்று ஸ்டாலர்ட் சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். சங்கம் மறுத்தது. மனிதர் கேட்கவில்லை. வேல்ஸிலுள்ள லாங்கொலனிலிருந்து வொல்வர்ஹாம்டன்வரை 59 மைல் ஓட்டம் ஒன்றை அறிவித்தார். ஊர்ப் பத்திரிகையான எக்ஸ்பிரஸ் அண்ட் ஸ்டார் ஆதரவு தந்தது, இலாபம் படைவீரர் நலநிதிக்கு. எல்லோரும் பயந்துகொண்டிருந்த பொலிஸிடம் அவரே நேரில் போய்க் கேட்டார். அவர்கள் தடுக்கவில்லை, உதவினார்கள்.

எங்கள் ஐம்பது வருடப் பயம் இதுதானா என்று அன்று யாராவது யோசித்தார்களோ என்னவோ.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. 40 பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள். முடிவிடமான வெஸ்ட் பார்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம். கடைசியில் முதலிடத்துக்குப் பாய்ந்தவர்கள் இருவர்: பிரைஸ், ஆன்ஸ்லோ. இருவரும் வொல்வர்ஹாம்டன் கழகத்தார், ஒரே அணிக்காரர்கள். விட்டுக்கொடுத்தார்களா? இல்லை. பிரைஸ் வென்றார். அணிக்காரனைத்தான் முதலில் முந்த வேண்டும் என்ற எங்கள் வியாதிக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது, பாருங்கள்.

சங்கம் ஸ்டாலர்ட்டைக் காலவரையின்றி இடைநிறுத்தியது. கூட ஓடியவர்களும் தப்பவில்லை. அவர்கள் அதே வருடம் நவம்பரில் பிரித்தானிய சைக்கிளோட்ட லீக் என்று தனி அமைப்புத் தொடங்கினார்கள். அடுத்த பதினேழு வருடமும் சண்டைதான். ஒரே ஊரில் இரண்டு கழகம், ஒரே வீட்டில் இரண்டு கட்சி, எதிரே வந்தால் முகம் பார்க்காத நிலை. இரண்டு பள்ளிவாசலாகப் பிரிந்த ஊர்களைக் கண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஸ்டாலர்ட்டின் நாக்கும் லேசானதல்ல. தான் உருவாக்கிய லீக்கையே விமர்சித்து, சில வருடங்களிலேயே அதிலிருந்தும் விலக்கப்பட்டார். 1959இல் இரு தரப்பும் ஒன்றாகியபோது அதையும் அவர் துரோகம் என்றே கருதினார். 1960இல் அரசாங்கம் ஒழுங்குவிதிகளோடு வீதிப் போட்டியை அனுமதித்தது. எத்தனை பேர், எந்த நேரம், பொலிஸுக்கு எப்போது அறிவிப்பது என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. ஸ்டாலர்ட் 2001இல், தொண்ணூற்று இரண்டு வயதில் காலமானார்.

பிட்லேக்கை வில்லனாக நினைக்க வேண்டாம். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 1933இல் சைக்கிளில் போகும்போது மோட்டார் கார் மோதி, சில வாரங்களில் அவர் இறந்தார். வீதி ஆபத்தானது என்று அவர் சொன்னது பொய்யல்ல. அவர் விட்டுச்சென்ற தனியோட்டப் பழக்கமும் வீண்போகவில்லை. கடிகாரத்தோடு ஓடுவதில் ஆங்கிலேயர் கெட்டிக்காரர்களானதற்கு அந்த விடியற்காலைகள்தான் காரணம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் விலையும் பெரிது. ஒரு காலத்தில் எங்கள் வாப்பாமாருடைய பெருமையான ரலி சைக்கிள் நொட்டிங்ஹாமில் செய்தது. உலகத்துக்கே சைக்கிள் விற்ற அந்த நாடு, டூர் டி பிரான்ஸுக்கு ஓர் அணியை அனுப்பியது 1955இல்தான், ஹெர்குலிஸ் கம்பனியின் செலவில். முதல் பிரித்தானியர் டூரை வென்றது 2012இல். அந்த பிராட்லி விக்கின்ஸ் வென்றதும் இரண்டு தனியோட்டங்களில் எடுத்த நேரத்தினால்தான்.

இரண்டாமிடம் யாருக்கு? அவருடைய அணிக்காரர் கிறிஸ் புரூமுக்கு, 3 நிமிடம் 21 வினாடி பின்னால். லா துசுவீர் மலையேற்றத்தில் புரூம் தன் தலைவரை விட்டுவிட்டுப் பாய்ந்தார். பிறகு வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். அவர் காத்திருந்தது சரியா பிழையா என்று எங்கள் குழுவுக்குள் இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. நேற்றிரவும் தேத்தண்ணிக் கடையில் அதே வாக்குவாதம்தான்.

இனி எங்கள் முடிவு. கூட்டமாக ஓடுவதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் பதினான்கு பேர் ஒரே கூட்டமாக ஓடுவது இனி இல்லை. ஏழு ஏழு பேராக, பத்து நிமிட இடைவெளியில். ஊர் எல்லைப் பலகைக்கு இரண்டு கிலோமீற்றர் முன்னால் ரேஸ் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முந்துகிறவர் அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருப்பார். மணி இல்லாத சைக்கிள் வர முடியாது. திங்கட்கிழமை எங்களில் இரண்டு பேர் பொலிஸ் நிலையம் போய் நேரத்தையும் பாதையையும் எழுதிக் கொடுப்பார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி.

விழுந்த பெரியவரிடம் இதை நேற்று வாசித்துக் காட்டினோம். கிலோமீற்றர் கணக்கெல்லாம் சரி, தன்னுடைய முன்சில்லு நெளிந்து கிடக்கிறதே, அதை யார் எடுத்துத் தருவது என்று கேட்டார். சில்லு இன்று பின்னேரம் கடையிலிருந்து வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.