ஜரிகை நூலின் நிறமாற்றம்

திருப்பூர்ப் பின்னலாடைகளில் மின்னும் ஜரிகை நூல், பாலியெஸ்டர் பிலிமில் அலுமினியப் படலம் ஏற்றி, மெல்லிய இழைகளாக நறுக்கியது. எலக்ட்ரான் கற்றையாலோ மின்சூட்டாலோ வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் இம்முறை வானியலில்தான் வேரூன்றியது. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங் 1930களில் தொலைநோக்கி ஆடிகளுக்கு வெள்ளிக்குப் பதிலாக அலுமினியம் பூசிக் காட்டினார். மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல ஆடி 1935இல் இவ்வாறு பூசப்பட்டது. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் அலுமினியம் பூசியதே. 1940களில் அமெரிக்காவில் வந்த லூரெக்ஸ் நூலில் அலுமினியத் தகடே இருந்தது. பின்னாளில் பாலியெஸ்டரில் படிந்த படலம் அதன் இடத்தைப் பிடித்தது.

இப்படலம் சில பத்து நானோமீட்டர் தடிமனே உடையது; ஆகவே சிறு வேதிமாற்றமும் கண்ணுக்குத் தெரியும். பூச்சு அறையில் காற்றோ ஈரமோ மிஞ்சினால், படிவு மெதுவாக நடந்தால், ஆக்சிஜன் கலந்து படலம் சாம்பல் பூத்து மங்கும். அத்தகைய குறை நூல் சுற்றிய கோனிலேயே தெரியும். கோனில் பளபளத்த ஜரிகை சாயத்தொட்டியிலிருந்து மங்கி வந்தால், காரணம் காரமே. பருத்தித் துணிக்கான பெராக்சைடு பிளீச்சிங் கொதிநிலையை ஒட்டிய சூட்டில், 10க்கு மேற்பட்ட பிஎச் அளவில் நடக்கிறது; ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா ஆஷ் வேண்டும். அலுமினியமோ காரத்தில் கரையும் உலோகம். ஜரிகைத் துண்டொன்றைச் சூடான காஸ்டிக் கரைசலில் இட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். வெள்ளி ஜரிகை நிறமற்ற பிலிமாகும். பொன் ஜரிகை ஒளி ஊடுருவும் மஞ்சள் பிலிமாகும், ஏனெனில் அதன் பொன்னிறம் மேலுள்ள மஞ்சள் லாக்கரால் வருவது. பளபளப்பு நிலைத்து மஞ்சள் மட்டும் வெளிறினால் கெட்டது லாக்கர், உலோகமன்று.

லாக்கர் காக்காதா என்று கேட்கலாம். மேற்பரப்பைக் காக்கும், ஆனால் நறுக்கிய இரு விளிம்புகளும் திறந்தே கிடப்பதால் காரம் அங்கிருந்து உள்ளேறும். ஒரே தொட்டியில் ஒரு லாட் கெட்டு மற்றொன்று தப்புவதால் நூல்காரரே பொறுப்பு என்ற வாதமும் உண்டு. லாக்கரின் தரம் வேறுபடுவது உண்மைதான். ஆயினும் எந்த நூல் எந்தக் காரத்தைத் தாங்கும் என்று பாராமல் தொட்டியில் இறக்கியது சாயப்பட்டறையின் தவறே. காரம் தாங்கும் பூச்சுள்ள நூல்களும் இன்று கிடைக்கின்றன. சாயமேற்றிய பருத்தி நூலோடு ஜரிகையைச் சேர்த்துப் பின்னுவதே பாதுகாப்பான வழி; துணியாகவே சாயமிட வேண்டுமெனில், லாட் முழுவதையும் இறக்குமுன் அதே பிஎச், சூடு, நேரத்தில் ஒரு மாதிரியைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.