ஸ்பீக்கர் அட்டையின் ஒன்பது வரிகள்: ஒரு விளக்கவுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றின் கணினியிலிருந்து என்னென்ன ஒலிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பரிஸிலோ இருக்கும் பிள்ளை காணொளி அழைப்பில் கதைக்கிற குரல். உயர்தர மாணவருக்கு இணைய வழியில் பாடம் நடத்தும் ஆசிரியரின் குரல். நல்லூர்த் திருவிழாவின் நேரலை. கடல் கடந்து நடக்கும் கலியாணமும் செத்தவீடும். வானொலிச் செய்தி, பழைய நாடகம், மேளக் கச்சேரிப் பதிவு. இவற்றில் பெரும் பங்கு மனிதக் குரல். ஆகவே சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பதைத்தான் ஸ்பீக்கர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் வரிகளை வாசிக்கத் தெரிந்தால் அதில் பாதியைப் பெட்டியைத் திறக்காமலே அறியலாம்.

கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் பலவற்றுக்குப் பொதுவான வாசகத்தை ஒரு மாதிரியாகக் கீழே தருகிறேன். எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும். வரிகளின் வகை பெரும்பாலும் மாறாது.

மூலம்

1. 3000 வாற் பி.எம்.பி.ஓ.
2. மொத்த வலு 40 வாற் ஆர்.எம்.எஸ்.; 10 + 10 + 20; திரிபு 10%
3. 2.1 அமைப்பு
4. ஊஃபர் 5 அங்குலம்; பக்கப் பெட்டிகள் 3 அங்குலம்
5. மீடிறன் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை
6. சைகை – இரைச்சல் விகிதம் 75 டெசிபெல். தடங்கல் 4 ஓம்
7. இணைப்பு: 3.5 மில்லிமீற்றர், ஆர்.சி.ஏ., யு.எஸ்.பி., புளூடூத்
8. 220 – 240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 50 வாற்
9. ஒரு வருட உத்தரவாதம்

உரை

1. “3000 வாற் பி.எம்.பி.ஓ.”

அட்டையில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இந்த வரி. இதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. கண நேர உச்சம் என்ற பெயரில் உற்பத்தியாளர் தாமே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும் எண் இது. இதன் பொருளின்மையை நமது வீட்டுச் சொக்கெற்றை வைத்தே நிறுவலாம். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். சதுர முனை புளக் தாங்கக்கூடியது 13 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2990 வாற். ஒரு சொக்கெற் முழுவதும் தரக்கூடிய மின்சாரத்தை ஒரு கணினி ஸ்பீக்கர் இழுப்பதாக இந்த வரி கூறுகிறது. பெட்டியின் பின்பக்கத்து வயரோ சாதாரண மெல்லிய வயர். தேர்வில் இந்த வரிக்கு இடமே கொடுக்க வேண்டாம். இரண்டு பெட்டிகளை ஒப்பிடவும் இது உதவாது, ஏனெனில் இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவை அல்ல.

2. “மொத்த வலு 40 வாற் ஆர்.எம்.எஸ்.; 10 + 10 + 20; திரிபு 10%”

தொடர்ந்து தரக்கூடிய வலு ஆர்.எம்.எஸ். எனப்படும். ஒப்பிடத் தக்க எண் இதுதான். பக்கப் பெட்டி இரண்டுக்கும் தலா 10, ஊஃபருக்கு 20 என்று பிரித்துக் காட்டியிருப்பது நல்ல அறிகுறி. நேர்மையான எண்கள் எவ்வளவு சிறியவை என்பதற்குச் சில சான்றுகள்: கிரியேட்டிவ் பெபிள் 4.4 வாற், லொஜிடெக் இசட் 313 – 25 வாற், எடிஃபயர் ஆர் 1280 டி 42 வாற். மூன்றும் உலகெங்கும் விற்கப்படுபவை. அவற்றின் தயாரிப்பாளர்கள் இந்தச் சிறிய எண்களை வெளிப்படையாக அறிவிக்கிறார்கள்.

எவ்வளவு வலு போதும்? சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபெல் தருகிற ஸ்பீக்கர்கள் சாதாரணமானவை. மேசையில் இருந்து கேட்பவருக்குப் பேச்சைக் கேட்க ஒரு வாற்றே மிகை. வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வலு பத்து மடங்காக வேண்டும். எனவே 20 வாற் பெட்டிக்கும் 40 வாற் பெட்டிக்கும் இடையிலான வேறுபாடு விலையில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பவர் 80 டெசிபெல்லுக்குள் கேட்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குள் நிற்க விரும்பும் வீட்டுக்குப் பெரிய வலு தேவையில்லை.

‘திரிபு 10%’ என்பது கவனிக்க வேண்டிய சேர்க்கை. வெளிவரும் ஒலியில் பத்தில் ஒரு பங்கு மூலப் பதிவில் இல்லாதது என்ற நிலைவரை முடுக்கி அளந்த வலு அது. 1% திரிபில் அளந்தால் எண் குறையும். ஆகவே ஒலி முழுக் கூட்டலில் கரகரக்கும். முக்கால் அளவுக்கு மேல் திருப்பாமல் கேட்பதே முறை.

3. “2.1 அமைப்பு”

புள்ளிக்கு முன்னுள்ளது பக்கப் பெட்டிகளின் தொகை. பின்னுள்ளது ஊஃபரின் தொகை. 2.0 என்றால் இரண்டு பெட்டிகள் மட்டும். 5.1 என்றால் ஐந்தும் ஒன்றும். ஐந்து பெட்டிகளையும் சுற்றிவர உரிய இடத்தில் வைக்க வசதியில்லாத அறைக்கு 5.1 வீண் செலவு. ஒரே பணத்தை ஆறு பெட்டிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் தரமும் குறையும்.

2.1 இல் தாழ்ந்த ஒலியை ஊஃபர் ஏற்பதால் பக்கப் பெட்டிகள் சிறியவையாகின்றன. மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறியாது. அதனால்தான் ஊஃபரை மேசைக்குக் கீழே வைக்க முடிகிறது. ஆனால் மலிவான 2.1 பெட்டிகளில் ஊஃபர் ஆண்குரலின் அடிப்பகுதியையும் தானே எடுத்துக்கொள்கிறது. அப்போது குரலின் ஒரு பங்கு மேசைக்குக் கீழிருந்தும் மறுபங்கு மேலிருந்தும் வரும். பேச்சே பிரதானமான வீட்டுக்கு, அதே விலையில் கிடைக்கும் நல்ல 2.0 சோடி இதைவிட ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

4. “ஊஃபர் 5 அங்குலம், பக்கப் பெட்டிகள் 3 அங்குலம்”

அங்குலக் கணக்கு கூம்பின் விட்டத்தைச் சொல்கிறது. காந்தப் புலத்தில் சுருள் அசைய, சுருளோடு கூம்பு அசைந்து காற்றைத் தள்ளும் இந்த அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இருவர் 1925 இல் வெளியிட்டார்கள். கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். நூறு ஆண்டுகள் கழிந்தும் அடிப்படை மாறவில்லை.

தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்று அசைய வேண்டும். மீடிறன் (அதிர்வெண்) பாதியானால், அதே உரப்பைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 3 அங்குலக் கூம்பால் அது இயலாது. 5 அங்குலக் கூம்பின் பரப்பு அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்டுச் சோதிக்கத் தவில் உண்டு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பதிவொன்றை ஓடவிட்டுப் பாருங்கள். வலந்தலையில் விரல்கள் விழும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்க வேண்டும். தொப்பியில் கழி விழும் ஒலி ஆழமாக வந்து உடனே நிற்க வேண்டும். தொப்பி ஒலி இழுபட்டு அடுத்த சொல்லை மூடினால் அந்த ஊஃபர் பெரிதாக இருந்தும் பயனில்லை.

அட்டையில் எழுதப்படாத ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் றப்பரா, நுரைப்பஞ்சா? நுரைப்பஞ்சு வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். பருத்தித்துறை, குருநகர், தீவகம் போன்ற கடலோரங்களில் இருப்பவர்கள் றப்பர் வளையமே கேட்டு வாங்குவது நல்லது.

5. “மீடிறன் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை”

இது மனிதக் காதின் எல்லை. ஸ்பீக்கரின் அளவாக இதை எழுத வேண்டுமானால், இந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்றும் எழுத வேண்டும். ‘± 3 டெசிபெல்’ என்ற சேர்க்கை இருந்தால் வரிக்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் 20 ஹேர்ட்ஸில் கேட்கவே முடியாத முனகல் வந்தாலும் வரி பொய்யாகாது. 5 அங்குல ஊஃபர் 20 ஹேர்ட்ஸை உருப்படியாகத் தராது. அட்டை ‘70 முதல் 18,000 வரை’ என்று அடக்கமாகச் சொன்னால், அதை எழுதியவர் அளந்து எழுதியிருக்கக் கூடும் என்று நம்ப இடமுண்டு.

நமக்கு உண்மையில் வேண்டிய பகுதி எது? ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85 முதல் 180 ஹேர்ட்ஸ்; பெண் குரலினுடையது 165 முதல் 255 வரை. சொல் விளங்குவதோ அதற்கு மேலே. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதற்கான அடையாளங்கள் பெரும்பாலும் 1000 முதல் 3500 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கின்றன. ஸகர ஒலிகளின் சீறல் 4000 இற்கும் மேலே போகிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதைக்கொண்டே முழு உலகமும் கதைத்தது. ஆகவே நடுப்பகுதி மட்டமாகவும் சுத்தமாகவும் உள்ள பெட்டி, பேஸ் குறைந்திருந்தாலும், முதுமையில் காது மந்தமானவருக்கும் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுப்பகுதி குழிந்து இரு முனைகளும் உயர்ந்த பெட்டி கடையில் ஒரு நிமிடம் கேட்கும்போது கவரும். வீட்டில் அதே பெட்டியில் ஒரு மணித்தியால வகுப்பைக் கேட்கும் பிள்ளை களைத்துப்போகும்.

நாதஸ்வரமும் இந்த நடுப்பகுதிக்கே நல்ல சோதனை. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் ஆலாபனை காதைக் குத்தாமல், ஆனால் அதன் கூர்மையும் மழுங்காமல் கேட்டால் பெட்டியின் நடுப்பகுதியும் மேல்பகுதியும் சீராக உள்ளன என்று கொள்ளலாம்.

6. “சைகை – இரைச்சல் விகிதம் 75 டெசிபெல், தடங்கல் 4 ஓம்”

பாட்டு நின்றிருக்கும்போது பெட்டியிலிருந்து எவ்வளவு இரைச்சல் வருகிறது என்பதை முற்பகுதி சொல்கிறது. எண் கூடக் கூட நல்லது. 85 இருந்தால் திருப்தி; 60 என்றால் இரவில் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். கடையில் எதையும் ஓடவிடாமல் ஒலியை முழுமையாகக் கூட்டிக் காதை அருகில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். தடங்கலைப் பற்றி, அம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டியை வாங்குபவர் யோசிக்கத் தேவையில்லை. தனி அம்பிளிஃபயரோடு சேர்ப்பவர் மட்டும் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

7. “இணைப்பு: 3.5 மில்லிமீற்றர், ஆர்.சி.ஏ., யு.எஸ்.பி., புளூடூத்”

புளூடூத் வசதியானது, ஆனால் ஒலி ஒரு செக்கனின் பத்திலொரு பங்கிலிருந்து கால் பங்கு வரை பிந்தி வரலாம். பாட்டுக்கு அது பொருட்டல்ல. காணொளி அழைப்பில் மறுபக்கத்தவர் கதைத்து முடித்த பின்னும் அவர் குரல் வந்துகொண்டிருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குவார்கள். அழைப்புக்கும் வகுப்புக்கும் வயரே நல்லது.

யு.எஸ்.பி. இரண்டு வகை. ஒன்றில் யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் மட்டும் வரும். மற்றதில் ஒலியும் வரும். ஒலியும் வருவதானால் கணினிக்குள் எழும் மின்னிரைச்சல் பெரும்பாலும் விலகும். எது என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.

8. “220 – 240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 50 வாற்”

முதல் இரண்டு வரிகளையும் சோதிக்கும் வரி இது. உள்ளே போகும் மின்சாரத்தைவிட அதிக வலு வெளியே தொடர்ந்து வர முடியாது. உள்ளே 50 வாற் என்றால் இரண்டாம் வரியின் 40 வாற் நம்பத் தக்கது; உள்ளே 20 வாற் என்று இருந்தால் 40 பொய். அடாப்டரில் ஓடும் பெட்டியானால் அடாப்டரின் முதுகைப் பாருங்கள்: 12 வோல்ற், 2 அம்பியர் என்றால் உச்ச வரம்பு 24 வாற்.

மின்சாரத்தை நம்பியிருக்க முடியாத காலங்களைக் குடாநாடு நன்கு அறியும். போர்க்காலத்து இருளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஆகவே மடிக்கணினியின் யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும் சிறிய சோடிக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. மலிவான இன்வேட்டரில் ஓட்டும்போது சில பெட்டிகள் உறுமும். அந்த இன்வேட்டர்கள் தரும் மின்னலை சீரான சைன் அலையாக இல்லாமையே காரணம்.

மின்வெட்டு இல்லாதபோதும் உறுமல் கேட்டால் கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் வயரைக் கழற்றுவது உயிராபத்து; ஒருபோதும் செய்யக் கூடாது.

9. “ஒரு வருட உத்தரவாதம்”

யார் தரும் உத்தரவாதம் என்பதுதான் கேள்வி. திருத்துமிடம் யாழ்ப்பாணத்திலா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். பற்றுச்சீட்டில் தொடரிலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

எஞ்சியது

ஒன்பது வரியும் சொல்லாதது உங்கள் அறை. சீமெந்துத் தரை, பூச்சுச் சுவர், கண்ணாடி யன்னல் உள்ள நமது ஹோல்களில் ஒலி தெறித்துத் தெறித்துச் சொல்லைக் கலைக்கும். யன்னலுக்குத் தடித்த துணித் திரையும் தரையில் பாயும் செய்யும் உதவியை, பெட்டிக்குக் கூட்டிக் கொடுக்கும் பணம் செய்யாது. பெட்டியை மூலையில் வைத்தால் பேஸ் பெருகிக் குரலை விழுங்கும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக, கூம்பு காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது கைத்தொலைபேசியில் மூன்று பதிவுகள் கொண்டுபோங்கள்: வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய குரல் செய்தி, வானொலிச் செய்தி, மேளக் கச்சேரி. கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அந்தப் பெட்டிக்கென்றே தெரிந்தெடுத்ததாக இருக்கலாம். உங்கள் பதிவுகளை வீட்டில் கேட்கும் அளவிலேயே வைத்து, தெரிவுக்கு எடுத்த பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்தப் பெட்டியில் உறவினரின் சொல் ஒன்றுகூடத் தவறாமல் விளங்குகிறதோ, அதன் அட்டையில் 3000 என்ற எண் இல்லாவிட்டாலும், அதையே வாங்குங்கள்.