அச்சுரிமமும் அடையாள அட்டையும்

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு பயிலும் மாணவர்கள் பன்னிரண்டு அகவை நிறைந்ததும் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்திற்குச் சென்று, பெருவிரலைப் பதித்து, அடையாள அட்டை பெற்று வருகின்றனர். மறுநாள் வகுப்பில் அதனைத் தோழர்களிடம் காட்டி மகிழ்கின்றனர். சிம்பாங் அம்பாட்டு வட்டாரத்தில் ஆண்டுதோறும் இக்காட்சியைக் கண்டு வருகிறேன். ‘ஐயா, ஏன் பன்னிரண்டு வயதில் இதனைக் கொடுக்கிறார்கள்?’ என்று ஒரு மாணவன் வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? அவ்விடையைத் தேடினால் 1948ஆம் ஆண்டிற்குச் சென்று சேர்வோம்.

அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் விரிவாக்கப்பட்டது. அவசரகாலத்தின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் ஆட்சியினர் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தனர். ஒன்று, பன்னிரண்டு அகவையும் அதற்கு மேலும் உடைய அனைவரும் நிழற்படமும் விரற்பதிவும் தந்து அடையாள அட்டை பெறவேண்டும் என்பது. மற்றொன்று, அச்சகம் நடத்துவோரும் செய்தித்தாள் வெளியிடுவோரும் ஆண்டுக்கு ஆண்டு அரசிடம் உரிமம் பெறவேண்டும் என்னும் 1948ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். ‘நீ யார்?’ என்று கேட்டது முதலாவது. ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டது இரண்டாவது. ஒரே அச்சத்தின் வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இவை எனலாம்.

அட்டையின் சுமையை முதலில் உணர்ந்தவர்கள் காட்டோரக் குடியானவர்களும் தோட்டப்புறத்து மக்களுமே. ஒருபுறம், சோதனைச் சாவடியில் அட்டை இல்லாதவர் ஐயத்திற்கு உள்ளானார். மறுபுறம், காட்டிலிருந்து வந்த கொரில்லாக்கள் அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி இடப்பட்டது. நம் பாட்டன்மார் பலர் அட்டையைத் தகரப்பெட்டியில் பொன்போலக் காத்ததன் காரணம் இதுவே. விடுதலைக்குப் பின்னரும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையுடனே வாழ்ந்து மறைந்த முதியோர் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு துண்டு அட்டை ஒரு மனிதனின் வாழ்வைத் திறக்கவும் பூட்டவும் வல்லது என்பதை நம் சமூகத்திற்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. ஆயின் அதன் பிள்ளைகள் மறையவில்லை. மறுநாளே நடப்புக்கு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரத்தை 2012 வரை தாங்கி நின்றது. அடையாள அட்டை நிலைத்தது. அச்சுரிமம் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்திற்குள் புகுந்து மேலும் வலுப்பெற்றது.

இவ்வுரிமத்தின் வலிமையைப் பினாங்கு நன்கறியும். 1883இலேயே குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்திய ஊர் இது. 1971இல் ‘தி ஸ்டார்’ நாளேடு பிறந்ததும் ஜார்ஜ்டவுனிலேயே. 1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ என்னும் பெயரால் 106 பேர் கைது செய்யப்பட்டபோது, ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வத்தான்’ ஆகிய ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. நாட்டின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதிவந்த பத்தியும் ‘தி ஸ்டார்’ ஏட்டோடு சேர்ந்து நின்று போயிற்று. 1988 மார்ச்சில் உரிமம் திரும்பக் கிடைத்தது. ஐந்து திங்கள் வாய் கட்டப்பட்ட ஏடு, அதன் பின்னர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே அச்சிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்னும் விதி 2012இல்தான் நீக்கப்பட்டது. உரிமம் பெறவேண்டும் என்னும் விதியோ நீங்கவில்லை.

இணையம் வந்தபோது இந்நிலை மாறும் என்ற நம்பிக்கை பிறந்தது. பல்லூடகப் பெருவழித் திட்டத்திற்கு வெளிநாட்டு முதலீட்டாளரை அழைத்த அரசு, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று உறுதி கூறியது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் அவ்வுறுதி இடம்பெற்றது. 1999 நவம்பரில் ‘மலேசியாகினி’ என்னும் இணையச் செய்தித்தளம் அச்சுரிமம் இன்றியே தோன்றியது.

ஆனால் அதே சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் நோக்குடன் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதைக் குற்றமாக்கியது. வாயிலில் ‘வருக’ என்று எழுதிவிட்டுக் கொல்லையில் கண்ணி வைத்தது போன்றது இது. 2018 ஏப்ரலில் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆட்சி மாறியபின் அதனை நீக்குவதற்கு 2020 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் கால அவசரநிலையின்போது, 2021 மார்ச்சில் ஓர் அவசரகால ஆணையாக அதுவே மீண்டும் உயிர்பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் இரத்தானது. அதே 2021 பிப்ரவரியில், வாசகர் ஐவர் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. பொதுமக்கள் சில மணி நேரத்திலேயே அத்தொகையைத் திரட்டித் தந்தனர்.

இனி மற்றப் பிள்ளையைக் காண்போம். 2001 செப்டம்பரில் அடையாள அட்டை ‘மைகாட்’ என்னும் பெயருடன் சில்லுப் பதித்த அட்டையாயிற்று. விரற்பதிவும் அதனுள்ளேயே அமைந்தது. தனிமனிதர் விவரங்களைக் காக்கவென 2010இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கூட்டரசையும் மாநில அரசுகளையும் இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. கடைக்காரர் நம் விவரத்தைச் சிந்தினால் குற்றம். நம் விவரங்களை மிகுதியாக வைத்திருக்கும் அரசுக்கோ அச்சட்டத்தில் இடமே இல்லை. விவரங்கள் சிந்தும் என்பது வெற்றச்சமும் அன்று. கைப்பேசிப் பயனர் பட்டியல்கள் கசிந்து, 4 கோடியே 62 இலட்சம் எண்கள் வெளியே உலவியது 2017இல் தெரியவந்தது. நாட்டு மக்கள் தொகையினும் அது மிகுதி. அரசமைப்பின் 5ஆவது விதி கூறும் தனிமனித விடுதலையில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று 2010இல் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது நமக்கு ஆறுதலாகும்.

அரசு இணையத்தில் தலையிடவே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. 2024 ஜூலையில் நம் தமிழ்ப்பெண் ஒருவர் இணையத் துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிர் துறந்தார். அதன் தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட். இத்தகைய கொடுமையைத் தண்டிக்கப் பின்னர்த் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. அது வேண்டியதே. ஒருவரைத் துன்புறுத்துவது வேறு. ஒருவருக்கு எரிச்சலூட்டுவது வேறு. முன்னதைத் தெளிவாக வரையறுத்துத் தண்டிக்கலாம். பின்னதைக் குற்றமாக்கினால், எரிச்சலடையும் அதிகாரம் உடையவர் கையில் சட்டம் சிக்கிக்கொள்ளும்.

இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. எழுத்துரிமை தேடி 1908இல் பாரதியார் அடைக்கலம் புகுந்த அதே புதுச்சேரியில், 2012இல் ஒரு வணிகர் அரசியல்வாதியின் மகனைப் பற்றிச் சில சொற்களை இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அதற்குக் கருவியான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவிலும் ‘எரிச்சல்’ என்னும் சொல் இருந்தது. 2015 மார்ச் 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்றது.

இப்பொழுது நம் நாட்டில் இரட்டையர் இருவரும் ஒன்றுசேரும் காலம் வந்துள்ளது. 80 இலட்சம் பயனர்க்கு மேல் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. பதினாறு அகவைக்குட்பட்டோர் அவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கவும், அடையாள ஆவணங்களைக் கொண்டு அகவையைச் சரிபார்க்கவும் போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. பிள்ளைகளைக் காக்கும் நோக்கம் நன்றே. ஆயின் அகவையைக் காட்ட அட்டையைக் காட்டவேண்டுமெனில், பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியோரும் காட்டவேண்டும் அன்றோ? ‘நீ யார்?’ என்னும் வினாவும் ‘என்ன சொல்கிறாய்?’ என்னும் வினாவும் ஒரே வாயிலில் கேட்கப்படுமாயின், பேசவந்தவன் பாதியிலேயே திரும்பிவிடுவான்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர். அரசு கண்காணிப்பதை அவர் மறுத்தாரல்லர். ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்கச் சொன்னார். இறைமாட்சி அதிகாரத்திலோ, செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனைப் போற்றினார். கண் கூர்மையாக இருக்கலாம். செவியும் பொறுமையாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி.

ஆகவே, அட்டையைக் காட்டி மகிழும் அம்மாணவனுக்கு நாம் அதன் வரலாற்றையும் சொல்லிக் கொடுப்போம். எந்தச் சட்டம் வந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம். இஃது எத்தனை நாளைக்கு? இதன் சொற்கள் தெளிவானவையா? இதனை நடத்துவோரை யார் சரிபார்ப்பார்? 1948இல் இவ்வினாக்களைக் கேட்கும் நிலையில் நம் பாட்டன்மார் இல்லை. முள்வேலிக்குள் இருந்த அவர்களுக்குக் கேட்க வாயும் இல்லை. எழுத ஏடும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் துணிவை வகுப்பறையில் வளர்ப்பது நம் கடமையாகும்.