இரண்டு அணைகளும் தாத்தா வீட்டுச் சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணே, தாத்தா வீட்டுச் சுவரு பொரிஞ்சு கொட்டுது. மொத்தத்தையும் உரிச்சுட்டு சிமெண்ட் பூசிரலாமா? கொத்தனார் ரெடியா இருக்காரு."

எட்டு வருடம் முன்பு சமையலறைச் சுவருக்கு இதே கேள்வி வந்தபோது யோசிக்காமல் சரி என்றேன். மூன்றே மழைக்காலம். சிமெண்ட் பூச்சு, செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அந்தச் செலவை இன்னும் வாராக்கடன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன் :-)

பி.காம். படித்த வங்கிக்காரனுக்குக் காரையைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் நான் சின்ன வயதில் குதித்து விளையாடிய வாய்க்கால் தண்ணீரும், இப்போது பெங்களூரில் குழாயில் வரும் காவேரியும் சுண்ணாம்புக் காரை அணைகளில் தேங்கி வருபவை. இது எனக்கே லேட்டாகத்தான் உறைத்தது.

முல்லைப் பெரியாறு அணையை 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்தார் பென்னிகுவிக். முன்னும் பின்னும் கல் கட்டுமானம், நடுவில் சுண்ணாம்பு சுர்க்கி கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட செங்கலை இடித்த தூள். அதில்தான் சூட்சுமம். வெறும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெதுவாக இறுகும். தண்ணீருக்குள் அது நடக்காது. மணல் சுண்ணாம்போடு வினை புரிவதில்லை. வெடிப்பு விடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சுட்ட களிமண் தூளோ சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் கெட்டியாகும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்த வேலையை நம்மவர்கள் செங்கல் தூளை வைத்துச் செய்தார்கள்.

அடுத்து கண்ணம்பாடி, அதாவது கிருஷ்ணராஜ சாகர். 1911-ல் வேலை ஆரம்பித்து சுமார் இருபது வருடம் நடந்தது. மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்து பிறகு திவானான விஸ்வேஸ்வரய்யாவின் கனவு. அப்போது சிமெண்ட் பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அணைக்கு அதை வாங்கிக் கட்டுப்படியாகுமா? இங்கேயும் சுர்க்கிக் காரைதான். பிருந்தாவன் தோட்டத்து நீரூற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம், காரையை யார் பார்க்கிறார்கள்!

சுண்ணாம்பு சாகாவரம் பெற்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கசியும் நீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பெரியாறு வழக்கில் கேரளத்தின் கவலைகளில் அதுவும் ஒன்று. 1979-க்குப் பிறகு தமிழ்நாடு அணையின் மேல் கான்கிரீட் தொப்பி வைத்தது, கம்பி வடங்களால் அடிப்பாறையோடு பிணைத்தது, பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. கம்பத்துக்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு பக்கச்சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஓதம் ஏறும் அடிச்சுவரில் மணலில் ஒரு பகுதியைக் குறைத்து செங்கல் தூள். மணலைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வை. மேலே வண்டல் தடிமனாகப் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடு.

"அதெல்லாம் சரிண்ணே, சுண்ணாம்பு பூசுற கொத்தனாருக்கு எங்கே போறது?" என்றான்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் இருப்பதாகக் கேள்வி. பொங்கல் லீவில் போய்ப் பார்க்க வேண்டும்.