கனவை ஆளுதலும் கனவில் அறிவோடிருத்தலும்

உயிர்க்குரிய ஐந்து அவத்தைகளுள் கனவு ஒரு விந்தையான நிலை. அங்கே காண்பானும் தான். காணப்படுவதும் தன் கருவிகளின் தொழிற்பாடே. எனினும் ஓட விரும்பும்போது கால் ஓடுவதில்லை; கூவ விரும்பும்போது குரல் எழுவதில்லை. தன்னுடையதாயிருந்தும் தன்வயப்படாத இந்நிலையில், 'இது கனவு' என்று கனவினுள்ளேயே உணர்ந்து, அதன் நிகழ்ச்சிகளைத் தன் விருப்பின்வழி நடத்துதல் கூடுமோ என்று இக்காலத்துப் பலரும் வினவுகின்றனர். இவ்வினா புதியதன்று. சைவத்தின் இரு கிளைகள் இதனை எவ்வாறு நோக்கின என்பதனையும், இற்றை நாளை ஆராய்ச்சியாளர் கண்டது யாது என்பதனையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வடபாலில் காசுமீர நாட்டை அவந்திவர்மன் கி. பி. 855 முதல் 883 வரை ஆண்டான். அக்காலத்து விளங்கியவர் கல்லடர் என்னும் சைவப் பெரியார். ஸ்பந்த காரிகை என்னும் நூலை அவர் இயற்றினார் என்பாரும், அவர்தம் ஆசிரியராகிய வசுகுப்தர் இயற்றினார் என்பாரும் உளர். அந்நூல் கனவைப்பற்றிக் கூறும் கருத்து இது: விழித்திருக்கும் அடியான் உள்ளம் ஒன்றி வேண்டுவதை இறைவன் அருளுதல்போல, நடுநாடியில் நிலைத்து, வேண்டுதலினின்று வழுவாதிருப்பானுக்குக் கனவிலும் அவன் விழைந்த பொருளைக் காட்டுவன்; அந்நிலை வாயாதார்க்கோ கனவு தன்போக்கிலே ஓடும். பதினோராம் நூற்றாண்டில் க்ஷேமராசர் இதற்கு விரிவுரை வகுத்தனர். இதன்கண் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கனவின்மேல் ஆணை செலுத்துக என்று அந்நூல் கற்பிக்கவில்லை. வேண்டிக்கொள்க என்றே கற்பிக்கின்றது.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவாம். திருமூலர் தம் திருமந்திரத்து எட்டாந் தந்திரத்தில் அவத்தைகளை விரித்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் சிவஞான போதத்து நான்காஞ் சூத்திரத்தில், ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், அமைச்சரோடு கூடிய அரசனைப்போல அந்தக்கரணங்களோடு கூடி ஐந்தவத்தையுறும் என்றனர். நனவில் உயிர் புருவநடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படும். கண்டத்தில் இறங்கிக் கனவுறும்போது ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் கழிய, இருபத்தைந்தே உடனிருக்கும். இதயத்திற் சென்று உறங்கும்போது எஞ்சுவன மூன்றே. அரசன் வாயில்தோறும் ஏவலரை நிறுத்திவிட்டு அந்தப்புரம் புகுதலோடு இதனை ஒப்பிட்டு உரைப்பது வழக்கு. மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் அரசனோடிருத்தலின் கனவிற் காட்சியும் கருத்தும் உண்டு; ஆயின் புறவாயில் அடைபட்டமையால், காண்பதைப் புறப்பொருளோடு வைத்துச் சரிபார்த்தற்கு இடமில்லை. கனவிலே பொய் மெய்யாய்த் தோன்றுதல் இதனாலன்றோ?

மேலைநாட்டில் 1867ஆம் ஆண்டில் எர்வே டி சான் தெனி என்னும் பிரெஞ்சு அறிஞர், இளமை முதல் தம் கனவுகளை எழுதிவைத்துப் பழகி, அவற்றை நடத்திய வகையை நூலாக வெளியிட்டார். 1975இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பார் இதற்குக் கருவிச் சான்று கண்டனர். கனவு காண்கையில் உடலின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடப்பினும், விழிகள் மட்டும் அசையும். ஆதலின், 'யான் கனவிலிருப்பதை அறிந்தேன்' என்பதற்கு அடையாளமாக, முன்னரே பேசிக்கொண்டபடி உறங்குவோர் விழிகளை இடமும் வலமும் அசைக்க, கருவி அதனைப் பதிந்தது. அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் தனித்து ஆராய்ந்து அதனையே 1981இல் வெளியிட்டார். 2021இல் நான்கு நாட்டு ஆய்வாளர் கனவிலிருப்போரிடம் சிறு கணக்குகளை வினவி, விழியசைவாலும் முகத்தசையசைவாலும் விடை பெற்றனர். சரியான விடை வந்தது ஐந்தில் ஒருமுறைக்கும் குறைவே. ஆயினும், உறங்குவோன் செவி முற்றும் அடைபடவில்லை என்பது அதனாற் புலனாயிற்று. கருவிகள் கழியும் என்னும் நூற்கணக்கோடு இஃது அப்படியே பொருந்துவதன்று. பொருந்தாததைப் பொருந்தும் எனக் காட்டிச் சாத்திரத்திற்குப் பெருமை தேட வேண்டுவதில்லை.

இதற்கென அவர் கூறும் பயிற்சிகளை நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். பகலிற் பலகால் 'இது நனவோ கனவோ' என வினவிப் பழகுதல், விழித்தவுடன் கண்ட கனவை எழுதுதல், 'கனவிற் கனவென்று அறிவேன்' என்ற உறுதியோடு துயிலச் செல்லுதல் ஆகிய அனைத்தும் நனவிலே செய்யப்படுவன. கொடுங்கனவால் வருந்துவோர் அதன் முடிவை நல்லதாக மாற்றிப் பகலிலே மனத்திற் பலகால் எண்ணிப் பழகும் முறையும் மருத்துவத்திலே உண்டு. கனவைத் திருத்தும் இடம் நனவே என்பது இதன் கருத்து. ஆனால், பயிற்சியின் பொருட்டு உறக்கத்தை இடையிடையே கலைத்தல் உடலுக்கு நலமன்று. மனநோயுடையார் மருத்துவரை வினவாது இதிற் புகலாகாது.

சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் மகனை இழந்த தாய் ஒருவர் எம்மை ஒருமுறை வினவினர்: கனவில் வரும் மகன் வாய்திறக்குமுன் விழிப்பு வந்துவிடுகின்றது, அவனை நிறுத்திப் பேசுவிக்க வழியுண்டோ என்று. பயிற்சியால் அது சிலர்க்குக் கூடும் என்றே விடை கூறினோம். ஆயினும் அங்கே பேசுவது சித்தத்திற் பதிந்த அவன் வடிவமே. அவனல்லன் என்பதனையும் மறையாது சொன்னோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, 'வடிவமாயினும் போதும்' என்றனர். அவ்வன்பைக் குறைகூற எந்நூற்கும் உரிமையில்லை. துயிலுமுன் அவனை நினைந்து அழுவதை விட்டு, அவன் உவந்த ஒரு நாளை நினைந்து, அவனை இறைவன்பால் ஒப்புவித்து உறங்குக என்று மட்டும் கூறினோம்.

சேக்கிழார் பெருமான் உரைத்த பூசலார் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. திருநின்றவூரிலே பொருளின்றி வருந்திய அவர், நனவிலே, நினைவினாலே, கல்லும் மரமும் தொகுத்து நாளும் வேளையும் குறித்துக் கோயில் எடுத்தனர். கச்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானுக்கோ இறைவன் கனவில் தோன்றி, அடியவன் கோயிலிற் புகப்போவதை அறிவித்தனன். மன்னன் அக்கனவை வருவித்தானல்லன். பூசலார் கனவை நாடினாருமல்லர். விழித்திருந்த ஒருவரின் உள்ளத்தொழில் மற்றொருவரின் கனவிற் சென்று சேர்ந்தது. கனவை ஆளவேண்டும் என்று விழைவோர் தம் பகற்பொழுதை முதலில் ஆள்வாராக.