குருந்தக்கல்லும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்: உராய்பொருள்களின் தென்னாட்டு வரலாறு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்தால், இரும்புச் சாமான் கடைகளில் உப்புத்தாளும் சாணைச் சக்கரமும் கட்டிங் வீலும் வரிசையாகத் தொங்கும். 100 மி.மீ. கட்டிங் வீல் ஒன்றைக் கையில் எடுத்து, நடுவில் ஒட்டியுள்ள வட்டத் தாளைப் படித்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,300 சுற்று என்ற வரம்பைப் பெரும்பாலும் காணலாம். அந்த வேகத்தில் அதன் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர், மணிக்கு 288 கி.மீ. கடக்கிறது. அந்த எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குகிறவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். கையால் சுற்றிய சாணைக்கு இப்படி ஓர் எண் தேவைப்பட்டதில்லை. எப்போதிருந்து தேவைப்பட்டது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

சேலம், நாமக்கல், கரூர் வட்டாரங்களில் குருந்தக்கல் நெடுங்காலமாகக் கிடைத்துவருகிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. அதை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக்கிக் காயவைத்ததே பழைய சாணை. மணிக்கல் பட்டை தீட்டுகிறவர் அதைக் கையால் சுழற்றுவார். தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்ப்பார். கல் சூடாகாமல் இருக்க விட்ட தண்ணீர் தூசியையும் சேறாக்கி அடக்கிவிடும். 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பாவில் அது 'கொரண்டம்' ஆயிற்று. நம் குருந்தம்தான் அது.

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின்உலையில் ஒரு புதிய கடும்பொருளைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தவறான ஊகம் பெயரில் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியபோது, சேலத்துக் கல்லின் பெயர் பாதி உருமாறி ஊர் திரும்பியது.

பெயர் திரும்பி வந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இல்லாமல் போயிருந்தது.

தூசி கிளப்பும் இன்னொரு முறையும் அதற்கு முன்பே வந்திருந்தது. 1870இல் பெஞ்சமின் டில்மன் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல், உலோகம், கண்ணாடி ஆகியவற்றைச் செதுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பின்னர் அது இரும்பின் துரு நீக்கவும் பயன்பட்டது. மணல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. இரும்பில் மோதிப் பொடியும்போது 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தெரியாததே நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பாக்குகிறது. அதுவும் அப்போதுதான் உடைந்த துகளுக்கு நச்சு அதிகம். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் வந்தபின் நுரையீரலை மீட்கும் மருந்து இல்லை. கோலார் தங்கவயலில் பாறை துளைத்த தொழிலாளர்களிடம், அவர்களில் தமிழர் ஏராளம், 1940களில் நடத்திய ஆய்வில் 7,653 பேரில் 3,402 பேருக்கு இந்நோய் இருந்தது. தொழில் வேறு, தூசி ஒன்றே.

பிரிட்டன் 1949இல் மணல் பீய்ச்சுதலில் சிலிக்காவைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒவ்வொரு சாணை எந்திரத்தருகிலும் பாதுகாப்பான உச்ச வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. கட்டிங் வீலின் தாளில் நாம் பார்க்கும் எண் அந்த அறிவிப்பின் உறவுதான். ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக 10 பேருக்குக் குறைவாக வேலைசெய்த பட்டறைகளைத் தொழிற்சாலையாகக் கணக்கிடவில்லை. இதை நான் ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன்.

சிலிக்காவுக்கு மாற்றாக வந்த கார்னெட் மணல் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கரையில் தோரியம் உள்ள மோனசைட் கனிமத்தைக் கண்டார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டி வந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது அவ்வூர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல்தான் குமரி மாவட்டத்தோடு தமிழகத்துக்கு வந்தது. அன்றைய தேவை காஸ் விளக்கின் மேன்டிலுக்கான தோரியம். அதே மணலிலிருந்துதான் செந்நிறக் கார்னெட்டும் பிரிக்கப்படுகிறது. அதில் சிலிக்கா பிணைப்புண்டிருப்பதால் ஆபத்து வெகுவாகக் குறைவு. தனிச் சிலிக்கா 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தரம். எனினும் கார்னெட்டும் மோனசைட்டும் மின்சாரம் கடத்தாதவை, இரண்டையும் காந்தம் ஓரளவே இழுக்கும். பிரிப்பு சரியாக நடக்காவிட்டால் கதிரியக்கமுள்ள தோரியம் மூட்டையோடு போய்விடும். பீய்ச்சி அகற்றப்படும் பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் கார்னெட் எவ்வளவு சுத்தமாயிருந்தும் பயனில்லை.

ஆகவே மணலை மாற்றினால் மட்டும் போதாது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. பீய்ச்சுபவருக்கு வெளியிலிருந்து காற்று செலுத்தும் தலைக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மீண்டும் எழும். நனைத்துக் கூட்ட வேண்டும், அல்லது உறிஞ்சியெடுக்க வேண்டும். வேலைச் சட்டையை வீட்டில் உதறவே கூடாது.

தூசி ஒருபுறமிருக்க, சாணைச் சக்கரம் சிதறாமலிருக்கத் தேர்ந்த கைகள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பீங்கான் பிணைப்புள்ள கனத்த சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் ஓரத்தில் தட்டுவார்கள். மணிபோல் ஒலித்தால் மாட்டலாம். மந்தமாகக் கேட்டால் விரிசல். மெல்லிய கட்டிங் வீலுக்கு இது பொருந்தாது. மாட்டியபின் சக்கரத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகே இரும்பைத் தொட வேண்டும்.