தேக்கு நாற்காலியும் ஒரு விளம்பரமும்

தாத்தாவோட தேக்கு நாற்காலியை ஓ.எல்.எக்ஸ்-ல "பழசு"ன்னு போட்டு வித்துட்டேன். அப்புறம்தான் வரலாறு படிச்சேன்!

நம்ம கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்துல, பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1937-ல் வந்தவர் ஜார்ஜ் நாகஷிமா. அறைகளுக்கான மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் தச்சுக்கலையில் பெரும்புகழ் பெற்றார்.

சண்டிகர் கதை இன்னும் வயித்தெரிச்சல். 1950-களில் பியர் ஜான்னரே தலைமையில் உருவான அரசு அலுவலக நாற்காலிகளைப் பழசுன்னு ஏலம் விட்டாங்க. வெளிநாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கில் விலைபோயின. 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனையைத் தடுத்தது. அலுவலகப் பெயரும் எண்ணும் அவற்றில் பெயிண்டில் எழுதியிருக்கும், அதுவே அடையாளம்.

நம்ம நாற்காலி உள்ளூர் ஆசாரி செஞ்சதாத்தான் இருக்கும். ஆனா யாருன்னு கேக்கவே இல்லையே! விளம்பரம் போடுமுன் ஒருதடவை கவிழ்த்துப் பாருங்க மக்களே.